விளப்பில்சாலையின் பூட்டு: குப்பைக்கு இடம் தேடிய நகரமும் கேட்கப்படாத ஊராட்சியும்

2011 டிசம்பர் 21 அன்று, திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள விளப்பில் கிராம ஊராட்சி தன் எல்லைக்குள் இயங்கிவந்த திடக்கழிவு ஆலையின் வாயிலைப் பூட்டியது. ஆலை ஊராட்சிக்குச் சொந்தமானதன்று; திருவனந்தபுரம் மாநகராட்சிக்குச் சொந்தமானது. ஒரு மாநிலத் தலைநகரின் குப்பை நாள்தோறும் லாரிகளில் வந்து சேர்ந்த இடம் அது. உயர் நீதிமன்றம் திறக்கச் சொன்னது, காவல்படை வந்தது, இயந்திரங்கள் வந்தன. ஆயினும் அந்த ஆலை மீண்டும் இயங்கவில்லை. ஓர் ஊராட்சி ஒரு மாநகராட்சியை எதிர்த்து நின்று வென்ற நிகழ்வுகள் நம் உள்ளாட்சி வரலாற்றில் அரிது. அதனால்தான் விளப்பில்சாலை ஆய்வுலகில் இன்னும் கூடுதலாகப் பேசப்பட வேண்டும் என்று கருதுகிறேன்.

குப்பைக் கிடங்கு எங்கே அமைய வேண்டும் என்ற விவாதத்தைப் பொறியியல், சுற்றுச்சூழல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகள் தத்தம் கோணத்தில் எழுதியுள்ளன. இப்பதிவில் நான் முன்வைக்க விரும்புவது ஒன்றே. இந்தியாவில் இந்த விவாதம் பெரும்பாலும் இடம் முடிவான பிறகே நடக்கிறது. முடிவுக்கு முன் நடப்பதற்கான அவையை அரசமைப்புச் சட்டமே வகுத்துத் தந்திருந்தும், அந்த அவை பயன்படுத்தப்படுவதில்லை. விவாதம் அங்கே நடக்காததால் அது தெருவிலும் நீதிமன்றத்திலும் ஆலை வாசலிலும் நடக்கிறது.

1. ஊருக்கு வெளியே என்னும் இடம்

நவீன இந்திய நகரங்கள் தம் குப்பையை எல்லைக்கு வெளியே அனுப்பும் வழக்கம் காலனிய நகராட்சிகளோடு தொடங்குகிறது. கல்கத்தா நகரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே கிழக்குச் சதுப்பு நிலத்திலுள்ள தாபாவுக்குத் தன் குப்பையை அனுப்பத் தொடங்கியது. பம்பாயில் 1896-இல் பரவிய பிளேக் நோய் நகரத் துப்புரவைப் பற்றிய அச்சத்தை உச்சத்துக்குக் கொண்டு சென்றது. நகரின் குப்பை செம்பூர்ப் பக்கத்துச் சதுப்பு நிலங்களை நோக்கி ரயிலில் சென்றது. தேவ்னார் கிடங்கின் வயதை அதிகாரபூர்வ ஆவணங்கள் 1927-இலிருந்து கணக்கிடுகின்றன.

இரண்டு இடங்களும் அன்றைய நகராட்சிக் கணக்கில் வெறும் சதுப்பு நிலங்கள். அங்கே மீன்பிடித்தோரும் பயிரிட்டோரும் இருந்தனர் என்பது கணக்கில் வரவில்லை. வரி செலுத்தும் குடிமக்களே நகராட்சியில் குரல் கொண்டிருந்த காலத்தில் சதுப்பு நிலத்துக்கு வாக்கு இல்லை. எனவே இடத்தேர்வு என்பது தொலைவு, நிலத்தின் விலை, போக்குவரத்துச் செலவு ஆகிய மூன்றை மட்டும் பொறுத்த நிருவாகக் கணக்காக இருந்தது.

விடுதலைக்குப் பிறகும் அந்தக் கணக்கு பெரிதும் மாறவில்லை. தில்லியின் காசிப்பூர்க் கிடங்கு 1984-இல் தொடங்கப்பட்டது. அது 2002-இலேயே நிரம்பிவிட்டதாகக் கருதப்பட்டும் அதன்மேல் குப்பை தொடர்ந்து குவிக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 1 அன்று அம்மலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர். உடனடி மாற்றாக ராணிகேரா கிராமத்துக்கு லாரிகளை அனுப்ப முடிவானது. அவ்வூர் மக்கள் சாலையில் இறங்கி மறித்தனர். ஒரு கிடங்கு சரிந்த மறுநாளே இன்னொரு கிராமத்தைத் தேட வேண்டிய நிலை, பதினைந்து ஆண்டுகளாக ஒத்திப்போடப்பட்ட ஒரு விவாதத்தின் விளைவு.

2. விதிகள் அளந்தவை

1996-இல் அல்மித்ரா பட்டேல் தொடர்ந்த பொதுநல வழக்கு இத்துறையின் திருப்புமுனை. உச்ச நீதிமன்றம் அமைத்த அசீம் பர்மன் குழு 1999-இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. குடியிருப்பு, காடு, நீர்நிலை, நினைவுச்சின்னம் ஆகியவற்றிலிருந்து கிடங்கு விலகியிருக்க வேண்டும் என்றும், 20 முதல் 25 ஆண்டுகள் பயன்படத்தக்க பரப்புடன் இருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. 2016-இல் வந்த புதிய விதிகள் அந்த விலகலை எண்களாக்கின: ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர்.

இவை தேவையான அளவைகள்தாம். ஆனால் அவற்றை வரிசையாகப் படித்தால் ஒன்று புலப்படும். ஆறும் குளமும் விமானமும் அளக்கப்பட்டுள்ளன. அவ்விடத்தில் வாழ்வோரின் இசைவு அளவையாக இடம்பெறவில்லை. குடியிருப்பு என்பது விலகி நிற்க வேண்டிய ஒரு பொருளாக வருகிறதே தவிர, கேட்டறிய வேண்டிய ஒரு தரப்பாக வருவதில்லை.

கேரளத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 860 பேர் வாழ்கின்றனர். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் காண இயலாத வகையில் குடியிருப்புகள் தொடர்ந்து செல்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. தரம் பிரிக்கப்படாத ஈரக் குப்பையின்மேல் அவ்வளவு மழை இறங்கும்போது கறுத்த கசிவுநீர் ஊறி வெளியேறுகிறது. அது தாழ்வான திசையில் ஓடை, கிணறு, ஆறு என்று செல்கிறது. ‘ஊருக்கு வெளியே’ என்று சொல்வதற்கு அங்கே நிலமும் இல்லை, நீரோட்டமும் இல்லை.

3. விளப்பில்சாலை: 2000 முதல் 2011 வரை

திருவனந்தபுரம் மாநகராட்சியின் ஆலை விளப்பில்சாலையில் 2000 ஜூலையில் தொடங்கப்பட்டது. மேற்சொன்ன மத்திய விதிகள் அறிவிக்கப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பு அது. தனியார் நிறுவனம் ஒன்று கட்டி இயக்கும் ஒப்பந்தத்தின்கீழ் நாளொன்றுக்கு 300 டன் குப்பையைக் கையாளும் திட்டம் அது. குப்பையை நீள் குவியல்களாக்கி, காற்றோட்டம் தந்து, மக்க வைத்து உரமாக்குவது அதன் தொழில்நுட்பம். அரசுத் தாள்களில் அது உர ஆலை. மக்கள் பேச்சில் அது ‘சவர் ஃபாக்டரி’. சவர் என்றால் மலையாளத்தில் குப்பை.

இந்தப் பெயர் வேறுபாட்டில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. தரம் பிரிக்கப்படாத நகரக் குப்பை உர ஆலைக்குள் நுழையும்போது அதில் ஒரு பகுதியே உரமாகிறது. நெகிழி, துணி, கண்ணாடி, ரப்பர் என மீந்தவற்றுக்கு முறையான நிலநிரப்பு வேண்டும். கசிவுநீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். இவ்விரண்டும் உரிய காலத்தில் உரிய அளவில் அமையாவிட்டால், உர ஆலை தன் வளாகத்துக்குள்ளேயே குப்பைக் கிடங்காக மாறிவிடும். விளப்பில்சாலையில் நடந்தது அதுவே. இடத்தேர்வின்போது ஊரிடம் சொல்லப்பட்ட பொருள் ஒன்று. பத்தாண்டில் ஊர் பெற்ற பொருள் வேறு. கசிவுநீர் மீனம்பள்ளித் தோட்டின் வழியே கரமனை ஆற்றை நோக்கிச் சென்றது. ‘தோடு’ என்பது அப்பகுதியில் சிற்றோடைக்கு வழங்கும் சொல். வயலும் கிணறும் அதைச் சார்ந்தே உள்ளன.

கேரளத்தின் புகழ்பெற்ற மக்கள் திட்ட இயக்கம் 1996-இல் தொடங்கியது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஊர்க்கூட்டங்கள் கூடி வளர்ச்சித் தேவைகளைத் தாமே வரையறுத்த ஆண்டுகள் அவை. அதே ஆண்டுகளில்தான் இந்த ஆலையும் வடிவம் பெற்றது. ஆனால் ஆலை, நகரத்தின் திட்டம். அதன் நன்மை நகர எல்லைக்குள்ளும் அதன் சுமை ஊராட்சி எல்லைக்குள்ளும் விழுந்தன. அதிகாரப் பரவலாக்கம் ஓர் எல்லைக்குள் எவ்வளவு ஆழமாகச் சென்றாலும், இரண்டு எல்லைகளுக்கு இடையே எழும் கேள்விக்கு அதனிடம் விடை இல்லாமற்போனது.

4. 2012: அடுப்புகள் நிறைந்த சாலை

ஊராட்சி பூட்டியதை அடுத்து வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. ஆலையைத் திறக்கவும் அதற்குக் காவல் பாதுகாப்பு அளிக்கவும் உத்தரவானது. 2012 பிப்ரவரி 13 அன்று காவல்படையின் துணையோடு லாரிகள் புறப்பட்டன. விளப்பில்சாலை செல்லும் சாலையில் பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்காலை வைத்து அமர்ந்திருந்தனர்.

இப்போராட்ட வடிவத்தைக் கேரளத்துக்கு வெளியே உள்ளோர் சரியாக உணர்வது கடினம். திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் பகவதிக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பெண்கள் தெருவெங்கும் அடுப்பு வைத்துப் பொங்கலிடுகின்றனர். அந்நாளில் சாலை பெண்களுடையது; வாகனமும் காவலும் விலகி நிற்கும். ஆண்டுக்கொருமுறை நகரமே ஏற்றுக்கொள்ளும் அந்த உரிமையை விளப்பில் பெண்கள் தம் ஊர்ச் சாலையில் கையிலெடுத்தனர். எரியும் அடுப்பையும் பொங்கும் பானையையும் தாண்டி ஒரு குப்பை லாரி எப்படிச் செல்லும்? அன்று மோதல் நிகழ்ந்தது; லாரிகள் திரும்பின.

ஆகஸ்டில் கசிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைக் கொண்டுசெல்லும் முயற்சியும் மக்கள் திரளின் முன் கைவிடப்பட்டது. அக்டோபரில் இயந்திரங்கள் விடியுமுன் இருளில் கொண்டு சேர்க்கப்பட்டன. அடுத்து வந்தது முழு அடைப்பு; ஊராட்சித் தலைவர் உண்ணாநோன்பு இருந்தார்; அரசு பின்வாங்கியது.

இதிலொரு முரண் உண்டு. சுத்திகரிப்பு நிலையம் என்பது ஊர் மக்களின் நீரைக் காக்கும் கருவி. அதை மக்களே ஏன் தடுத்தனர்? அறியாமை என்று சிலர் எழுதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. 2000-இல் வந்திருக்க வேண்டிய ஒன்று 2012-இல் வரும்போது, அது சுத்திகரிப்புக்கான கருவியாக அன்றி, ஆலையை மீண்டும் திறப்பதற்கான முதற்படியாகவே வாசிக்கப்படும். தொழில்நுட்பம் என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி. அதைக் கொண்டுவருவோரின் சொல்லை நம்பலாமா என்பது வேறொரு கேள்வி. பதினோரு ஆண்டு அனுபவம் இரண்டாம் கேள்விக்கு விடையளித்துவிட்டிருந்தது.

இதே நேரத்தில் நகரமும் துன்புற்றது என்பதை மறைக்கலாகாது. தெருமுனைகளில் நெகிழிப் பைகள் குவிந்தன. கிடைத்த இடத்தில் புதைத்தனர், எரித்தனர். அந்தப் புகையைச் சுவாசித்தோரில் நகரத்து ஏழைகளே மிகுதி. விளப்பிலின் நியாயம், நகரத்தில் வாழ்ந்த எளியோரின் துன்பத்தைத் தானாகத் தீர்த்துவிடவில்லை.

5. காலியாக இருக்கும் அவை

அரசமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. திடக்கழிவு மேலாண்மை நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்து ஆறாம் இனமாக இடம்பெற்றுள்ளது. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் ‘சுகாதாரமும் துப்புரவும்’ உண்டு. திடக்கழிவு என்ற சொல் இல்லை. ஆக, குப்பையை அகற்றும் கடமை நகரத்துக்கு. தன் மக்களின் சுகாதாரத்தைக் காக்கும் கடமை ஊராட்சிக்கு. இரண்டும் சட்டபூர்வமான கடமைகள். நகரத்தின் கடமை ஊராட்சியின் நிலத்தில் நிறைவேற்றப்படும்போது இவை மோதுவது தவிர்க்க இயலாதது.

திருத்தத்தை வரைந்தோர் இதை முன்னுணராமல் இல்லை. 243ZD என்னும் உறுப்பு ஒவ்வொரு மாவட்டத்திலும் திட்டக் குழு அமைக்கப் பணிக்கிறது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர்க்குக் குறையாமல் மாவட்ட ஊராட்சி, நகராட்சிகள் ஆகியவற்றின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிலிருந்து, நகர, ஊரக மக்கள்தொகை விகிதப்படி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விவகாரங்களை, குறிப்பாக இடஞ்சார் திட்டமிடல், நீர் முதலிய இயற்கை வளங்களைப் பகிர்தல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றை, அக்குழு கருத்திற்கொள்ள வேண்டும். பெருநகரங்களுக்கு 243ZE இதையொத்த ஏற்பாட்டைச் செய்கிறது.

குப்பைக் கிடங்கின் இடத்தேர்வை விவாதிக்க இதைவிடப் பொருத்தமான அவையைக் கற்பனை செய்வது கடினம். நகரமும் ஊரும் ஒரே மேசையில், வாக்குரிமையோடு. ஆனால் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் இக்குழுக்கள் ஊராட்சித் திட்டங்களையும் நகராட்சித் திட்டங்களையும் ஒரே கோப்பில் கட்டி அனுப்பும் இடமாகச் சுருங்கிவிட்டன. பேச வேண்டிய இடத்தில் பேசாததை விளப்பில் தன் வாயிற்பூட்டால் பேசியது.

6. ‘என் வாசலில் வேண்டாம்’ என்னும் குற்றச்சாட்டு

இத்தகைய போராட்டங்களை ‘நிம்பி’ என்ற சொல்லால் ஒதுக்கிவிடுவது ஆய்வெழுத்திலும் வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் தேவையான ஒன்றைத் தன் வீட்டருகே மட்டும் வேண்டாம் என்னும் தன்னலம் என்பது அதன் பொருள். இச்சொல்லைப் பயன்படுத்துமுன் காலவரிசையைப் பார்க்க வேண்டும். விளப்பிலில் ஆலை பதினோரு ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய பிறகே பூட்டு விழுந்தது. பெங்களூருவின் குப்பையை ஆண்டுக்கணக்கில் ஏற்ற பிறகே மாவள்ளிபுரா 2012-இல் மூடப்பட்டது. அச்சுமை மண்டூருக்குச் சென்றது. அவ்வூர் மக்களின் போராட்டத்தால் 2014 இறுதியோடு அங்கும் நிறுத்தப்பட்டது. பின்னர் நகரம் கைவிடப்பட்ட கல்குவாரிகளை நாடியது. இந்த ஊர்களை முன்கூட்டியே மறுத்தவை என்று சொல்ல முடியாது. நெடுங்காலம் சுமந்து, வாக்குறுதிகள் பொய்த்த பின்னரே அவை மறுத்தன.

அக்குற்றச்சாட்டை மறுமுனையிலிருந்தும் கேட்கலாம். 2018-இல் தில்லியின் சோனியா விஹார், கோண்டா குஜ்ரான் பகுதிகளில் புதிய கிடங்கு அமைக்கும் முன்மொழிவு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அப்பகுதி மக்கள் எதிர்த்தனர். பிறர் வீட்டின் முன் குப்பையைக் கொட்ட எப்படி முடிவு செய்கிறீர்கள், துணைநிலை ஆளுநரின் இல்லத்தின் முன் கொட்டலாமே என்ற பொருளில் நீதிமன்றம் வினவியது. வினா கடுமையானது; ஆனால் அது ஓர் ஆய்வு வினாவும்கூட. இடத்தேர்வுப் பட்டியலில் எந்தெந்தப் பெயர்கள் ஒருபோதும் இடம்பெறுவதில்லை? கிடங்கு அமைந்த இடங்களின் வரலாற்றை எழுதியிருக்கிறோம். அமையாத இடங்களின் வரலாற்றை எழுத வேண்டியிருக்கிறது.

7. பூட்டுக்குப் பிறகு

விளப்பிலின் மறுப்பு, கேரளத்தை வேறொரு திசையில் தள்ளியது. எங்கே கொட்டுவது என்ற கேள்வி, கொட்ட வேண்டியதை எப்படிக் குறைப்பது என்று மாறியது. ஆலப்புழை நகராட்சி இதில் முன்சென்றது. மாராரிக்குளம் தெற்கு ஊராட்சியிலுள்ள சர்வோதயபுரத்தில் அந்நகரின் குப்பையை அவ்வூரார் தடுத்த பின்னர், 2012-இல் ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என்ற திட்டம் தொடங்கியது. வீடுதோறும் குழாய் உரமும் சாண எரிவாயுக் கலனை ஒத்த சிறு கலன்களும், தெருக்களில் காற்றோட்ட உரத்தொட்டிகளும் வந்தன. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்று. திருவனந்தபுரமும் அதே பாதையில் தும்பூர்முழி மாதிரி உரத்தொட்டிகளை அமைத்தது. வீடு வீடாகச் சென்று மக்காத கழிவைத் திரட்டும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் உழைப்பின்மேல்தான் இந்த அமைப்பு முழுவதும் நிற்கிறது.

இதை வெற்றிக்கதையாக முடித்துவிடும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பத்து நாட்களுக்கு மேல் எரிந்து நகரையே புகையில் மூழ்கடித்தது. 2024 ஜூலையில், திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பையை அகற்ற இறங்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு, மூன்றாம் நாள் உடலாக மீட்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில், கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டிருப்பது வெளிப்பட்டது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் திரும்ப எடுத்துச் செல்லக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. மூலத்திலேயே கையாளும் முறை எட்டாத குப்பை இன்னும் கேட்கப்படாத இடங்களைத் தேடிச் செல்கிறது: ஒரு கால்வாய், மாநில எல்லைக்கு அப்பால் ஒரு புறம்போக்கு, ஒரு தினக்கூலியின் உடல்.

எனவே விளப்பில்சாலை நமக்குத் தரும் பாடம் இரு பகுதிகளைக் கொண்டது. மறுக்கும் அதிகாரம் ஓர் ஊருக்குக் கிடைக்கும்போது நகரம் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நேர்கிறது, இது முதற்பகுதி. அந்த அதிகாரம் பூட்டாகவும் மறியலாகவும் மட்டும் கிடைக்கும் வரை, பூட்டவோ மறிக்கவோ வலிமையற்ற அடுத்த ஊரை நோக்கிக் குப்பை நகரும். இது இரண்டாம் பகுதி. முதற்பகுதியைக் கொண்டாடுவோர் இரண்டாவதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வரலாற்றின் பெரும்பகுதி நீதிமன்றத் தீர்ப்புகளையும் நாளிதழ்களையும் கொண்டே எழுதப்படுகிறது. இரண்டும் மோதல் வெடித்த பிறகு பேசத் தொடங்கும் சான்றுகள். ஆலைக்கு ஒப்புதல் அளித்த மாமன்றக் கூட்டக் குறிப்புகள், அதே ஆண்டுகளின் ஊர்க்கூட்டத் தீர்மானங்கள், மாவட்டத் திட்டக் குழுவின் நடவடிக்கை ஏடுகள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். எந்த நாளில், எந்த அவையில், யார் இல்லாதபோது இடம் முடிவானது என்பது அந்த ஏடுகளில்தான் இருக்கும். உங்கள் மாவட்டத்துக் கிடங்கிலிருந்தே தொடங்கலாம்.